தொடங்குமுன் முறியும் ஒப்பந்தம்

ஒப்பந்தத்தில் கையெழுத்து இட்டாயிற்று. ஆனால் அது நடைமுறைக்கு வரும் நாள் இன்னும் வரவில்லை. சரக்கு வந்து இறங்கவில்லை, மின்சாரம் பாயவில்லை, ஒரு காசும் கைமாறவில்லை. இந்த இடைக்காலத்தில் மனம் மாறிவிட்டால் என்ன செய்வது? "இன்னும் தொடங்கவே இல்லையே, வேண்டா என்று ஒரு கடிதம் எழுதிவிட்டால் போயிற்று" என்பதே நம்மில் பெரும்பாலோர் எண்ணம். நிச்சயதாம்பூலம்தானே ஆயிற்று, தாலி ஏறவில்லையே என்று பேச்சை முறித்துக்கொள்ளும் வீட்டார் கூறும் வாதமும் இதுவே. வாணிகத்தில், அதிலும் மின்சார வாணிகத்தில், இந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பார்ப்போம். அதற்கு வெளியூர் செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் ஐதராபாத்திலேயே தொடங்கலாம்.

2014 ஜூன் 2-ஆம் நாள் தெலங்கானா தனி மாநிலம் ஆயிற்று. அப்பொழுது அதற்கு மின்சாரப் பற்றாக்குறை பெரிதாக இருந்தது. வடக்கே மின்சாரம் கிடைக்கும். ஆனால் அதனைத் தெற்கே கொண்டுவரும் கம்பிவழிகள் குறைவு. தென்னக மின்தொகுப்பு நாட்டின் ஏனைய தொகுப்போடு இணைந்ததே 2013 டிசம்பர் 31-ஆம் நாள்தான். எனவே மின்சாரத்தை விலைபேசி வாங்கினால் மட்டும் போதாது. அது வந்து சேரும் பாதையிலும் முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும். சென்னைக்குச் செல்ல நாம் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே ரயிலில் இடம் பதிவு செய்கிறோம் அல்லவா? அதுபோன்றதே இதுவும்.

சத்தீஸ்கர் மாநிலத்திடமிருந்து 1000 மெகாவாட் வாங்கத் தெலங்கானாவின் மின் வழங்கும் கம்பெனிகள் 2015 செப்டம்பர் 22-ஆம் நாள் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதற்கு வேண்டிய பாதையோடு, பின்னர் வாங்கலாம் என்று கருதிய இன்னோர் 1000 மெகாவாட்டுக்கும் பாதை கேட்டுப் பதிவு செய்தன. முதல் ஆயிரம் வந்தது. இரண்டாவது ஆயிரம் வரவே இல்லை. அதற்கெனப் பிடித்த பாதையைப் பயன்படுத்துமுன்பே கைவிட்டார்கள். பாதைக்கு உரிய பவர் கிரிட் நிறுவனம் சும்மா இருக்கவில்லை. பதிவைக் கைவிட்டதற்கு ஈடாக 261 கோடி ரூபாய் கேட்டது. அந்தப் பாக்கிக்காக 2024 செப்டம்பரில், மின்சாரச் சந்தையில் தெலங்கானா வாங்கவும் விற்கவும் கூடாது என்று தடையே வந்துவிட்டது. அரசு தரப்பினர் அன்றே உயர்நீதிமன்றத்துக்கு ஓடி, தடையை நீக்க இடைக்கால ஆணை பெற்றனர்.

ஒரு யூனிட் மின்சாரமும் செல்லாத பாதைக்கு 261 கோடியா என்று கேட்கத் தோன்றும். ஆனால் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். இத்தனை பேர் இத்தனை ஆண்டுக்கு இடம் கேட்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் கோபுரங்கள் நடப்படுகின்றன. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2009-ஆம் ஆண்டு வகுத்த விதிகளிலேயே இதற்கு வழி சொல்லியிருந்தார்கள். நீண்டகாலப் பாதை உரிமை பெற்றவர் அதனை இடையில் விட்டுக்கொடுக்கலாம், தடையில்லை. ஆனால் அவர் 12 ஆண்டு நிறைவு செய்யாவிட்டால், குறைந்த காலத்துக்கு உரிய கட்டணத்தின் இன்றைய மதிப்பில், அவரால் பயனற்றுக் கிடக்கும் திறனுக்கு ஏற்ப, 66 விழுக்காடு ஈடாகத் தரவேண்டும். அந்த விதிகளின் இடத்தில் 2022-இல் வேறு விதிகள் வந்துவிட்டன. கேட்ட தொகை சரியா, அதனை யார் தரவேண்டும் என்பன வழக்காடுவோர் பாடு. நமக்கு வேண்டுவது இவ்வளவே: பயணம் தொடங்கவில்லை என்பதனால் பதிவு செய்த சீட்டு வெறுங்காகிதம் ஆகிவிடாது.

ஏன் ஆகாது? இதற்கு விடை 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஒருவர் ஒரு திட்டத்தை முன்மொழிகிறார். மற்றவர் அதனை ஏற்கிறார். ஏற்பு முற்றுப்பெறும் வரையில் முன்மொழிந்தவர் தம் சொல்லைத் திரும்பப் பெறலாம் என்று 5-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஏற்பு முற்றுப்பெற்ற நொடியில் ஒப்பந்தம் பிறந்துவிடுகிறது. செயல் தொடங்கும் நாள் அடுத்த மாதமாக இருக்கலாம், ஐந்தாண்டு கழித்தும் இருக்கலாம். கட்டுப்பாடு தொடங்குவது பேசி முடித்த நாளில். நிறைவேற்றம் தொடங்குவது குறித்த நாளில். இவ்விரு நாட்களையும் ஒன்றென மயங்குவதே மேலே சொன்ன தவறான எண்ணத்துக்கு வேர்.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கிய வழக்கு ஒன்று சட்ட மாணவர் அனைவரும் படிப்பது. ஏனையோரும் அறிந்துகொள்ளத் தக்கது. 1852-ஆம் ஆண்டு ஏப்ரலில் டி லா டூர் என்ற இங்கிலாந்துக் கனவான், ஐரோப்பிய நாடுகளில் சுற்றுப்பயணம் செய்ய எண்ணி, ஹாக்ஸ்டர் என்பவரை வழித்துணைப் பணியாளராக அமர்த்தினார். ஜூன் 1-ஆம் நாள் வேலை தொடக்கம், மூன்று மாதம், மாதம் பத்துப் பவுன். மே 11-ஆம் நாள், "நீ வர வேண்டியதில்லை" என்று கனவான் எழுதிவிட்டார். ஹாக்ஸ்டர் மே 22-ஆம் நாளே வழக்குத் தொடுத்தார். எதிர்த்தரப்பு வாதம் சுவையானது: "ஜூன் 1-ஆம் நாள் வரையில் நான் எதையும் மீறவில்லை, மீறாத ஒப்பந்தத்துக்கு வழக்கு ஏது?" 1853-இல் தலைமை நீதிபதி கேம்பெல் பிரபு இதனை ஏற்கவில்லை. ஒப்பந்தம் செய்துகொண்டவர்களுக்கு இடையே, குறித்த நாள் வரும்வரையிலும் ஓர் உறவு நிலவுகிறது. அந்த உறவை முறிப்பதே மீறல். பாதிக்கப்பட்டவர் ஜூன் வரையில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அன்றே வழக்குத் தொடுத்துவிட்டு வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று தீர்ப்பு ஆயிற்று. இடையில் ஹாக்ஸ்டருக்கு வேறொரு பிரபுவிடம் வேலையும் கிடைத்திருந்தது.

இந்த இடத்தில் நம் இறுதியாண்டு நண்பர்கள் சற்று நிமிர்ந்து உட்கார வேண்டும். வளாகத்துக்கு வந்து ஆள் எடுக்கும் கம்பெனிகள் டிசம்பரில் ஓலை கொடுத்து ஜூலையில் வரச்சொல்கின்றன. அந்த ஏழு மாதமும் ஹாக்ஸ்டரின் ஏப்ரலும் மேயும் போன்றவையே. கம்பெனி பின்வாங்கினாலும் நாம் பின்வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஓலையின் சிறிய எழுத்துகளைத்தான். பலவற்றில் கம்பெனி தன் பக்கத்துக்கு மட்டும் கதவு வைத்துக்கொண்டிருக்கும்.

தொடங்குமுன் முறிப்பதை நம் ஒப்பந்தச் சட்டம் 39-ஆம் பிரிவில் கூறுகிறது. ஒருவர் தாம் செய்யவேண்டியதை முழுவதுமாகச் செய்ய மறுத்தாலோ, செய்ய இயலாதபடி தம்மைத் தாமே ஆக்கிக்கொண்டாலோ, மற்றவர் அந்த ஒப்பந்தத்தை முடிவுக்குக் கொண்டுவரலாம். ஆனால் அவர் சொல்லாலோ செயலாலோ, "பரவாயில்லை, தொடரட்டும்" என்று காட்டியிருத்தல் கூடாது. 'முழுவதுமாக' என்ற சொல்லைக் கவனிக்க. விலையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்பது மறுப்பு ஆகாது. நாளைத் தள்ளிவைக்கக் கேட்பதும் மறுப்பு ஆகாது. "இனி எங்களுக்கு வேண்டா, நீங்கள் உங்கள் வழியைப் பாருங்கள்" என்பதே மறுப்பு.

மறுக்கப்பட்டவர் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மறுப்பை ஏற்று ஒப்பந்தத்தை அத்துடன் முடித்து, நட்ட ஈடு கேட்பது. மற்றொன்று, மறுப்பை ஏற்காமல் ஒப்பந்தத்தை உயிரோடு வைத்துக் குறித்த நாள் வரை காத்திருப்பது. இரண்டாவது வழி பெருந்தன்மையாகத் தோன்றும். ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. கிரிமியப் போர்க்காலத்தில் ஏவரி என்பவரின் கப்பல், ஒடெசா துறைமுகத்தில் 45 நாளுக்குள் சரக்கு ஏற்றிக்கொள்வதாக ஒப்பந்தம். அங்கே போனால், "சரக்கு இல்லை, திரும்பிப் போங்கள்" என்கிறார்கள். கப்பல் தலைவர் போகவில்லை. மனம் மாறுவார்கள் என்று காத்துக் கிடந்தார். 45 நாள் முடியுமுன் இங்கிலாந்துக்கும் ருஷ்யாவுக்கும் போர் மூண்டது. பகை நாட்டுத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுவதே சட்டவிரோதம் ஆயிற்று. ஒப்பந்தம் தானே மாண்டது. காத்திருந்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 1855-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இது. ஒப்பந்தத்தை உயிரோடு வைப்பவர் அதற்கு வரும் நோய்களையும் சேர்த்தே ஏற்கிறார்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு வழக்கு உண்டு. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. ஸ்காட்லாந்தில் ஒரு மோட்டார் பட்டறையின் விற்பனை மேலாளர், தெருக் குப்பைத்தொட்டிகளில் விளம்பரத் தகடு பொருத்த மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து இட்டுவிட்டார். முதலாளிக்குத் தெரிந்ததும் அன்றைக்கே "வேண்டா" என்று எழுதினார். விளம்பரக் கம்பெனி அதைப் பொருட்படுத்தவில்லை. தகடுகளைச் செய்து, தொட்டிகளில் மாட்டி, மூன்றாண்டுப் பணம் முழுவதையும் கேட்டது! 1961-இல் பிரபுக்கள் சபை, மூவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமும் நிற்க, கம்பெனிக்கே வெற்றி தந்தது. நம் நாட்டில் இவ்வாறு நடப்பது கடினம். ஏனெனில் நம் சட்டத்தின் 73-ஆம் பிரிவின் விளக்கம், நட்டத்தைக் குறைத்துக்கொள்ள அவருக்கு இருந்த வழிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது. வேண்டா என்று சொன்ன பிறகும் வேண்டுமென்றே செலவைப் பெருக்குபவருக்கு நம் நீதிமன்றத்தில் அத்தனை வரவேற்பு இராது. ஆயினும் கையெழுத்தும் மறுப்பும் ஒரே நாளில் நிகழ்ந்தும் ஒப்பந்தம் ஒப்பந்தமாகவே நின்றது என்பதை மறக்கலாகாது.

அப்படியானால் தொடங்குமுன் விலக வழியே இல்லையா? உண்டு. இருவரும் சேர்ந்து மனமொத்து ரத்து செய்யலாம். 62-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. இல்லையேல், ஒப்பந்தத்திலேயே கதவு வைத்திருக்க வேண்டும். கதவு வைக்காத வீட்டுக்குள் நுழைந்துவிட்டுச் சுவரை இடிப்பதே மீறல். வைத்த கதவைத் திறந்து வெளியேறுவது உரிமை. கதவுக்குச் சில வேளை கட்டணமும் இருக்கும். இந்தியாவில் மின்சார ஒப்பந்தம் ஒன்று, மின்சாரம் பாயத் தொடங்குமுன் ரத்து செய்யப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கில் இக்கதவைப் பற்றியே பேச்சு எழுந்தது.

குஜராத்தின் மின்சாரக் கொள்முதல் நிறுவனமான குஜராத் ஊர்ஜா விகாஸ் நிகாமுக்கும் அதானி பவர் கம்பெனிக்கும் 2007 பிப்ரவரி 2-ஆம் நாள் ஒப்பந்தம் ஆயிற்று. 1000 மெகாவாட்; யூனிட் ஒன்றுக்கு ஏறக்குறைய 2 ரூபாய் 35 காசு. மின்சாரம் வழங்க வேண்டியது 2012-இல். இந்த மலிவான விலைக்கு அடிப்படை, குஜராத் அரசின் கனிம வளர்ச்சிக் கழகம் சத்தீஸ்கரிலுள்ள தன் சுரங்கத்திலிருந்து நிலக்கரி தரும் என்ற எதிர்பார்ப்பு. கழகத்தோடு நிலக்கரி ஒப்பந்தம் கையெழுத்தாகவே இல்லை. எரிபொருள் ஏற்பாடு உள்ளிட்ட சில முன்நிபந்தனைகள் குறித்த காலத்தில் நிறைவேறாவிட்டால், குறித்த ஈட்டைக் கட்டிவிட்டு விலகலாம் என்று மின்சார ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. கம்பெனி 2009 டிசம்பர் இறுதியில் நோட்டீஸ் கொடுத்து, 2010 ஜனவரி 4-ஆம் நாள் முதல் ஒப்பந்தம் முடிந்தது என்று அறிவித்தது.

மாநில ஒழுங்குமுறை ஆணையம் 2010-இல் 'ரத்து செல்லாது' என்றது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011-இல் அதனையே உறுதி செய்தது. ஆகவே 2012-இல் கம்பெனி மின்சாரம் வழங்கத் தொடங்க வேண்டியதாயிற்று. வழங்கிக்கொண்டே வழக்கும் நடத்தியது. 2019 ஜூலை 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கீழ்த் தீர்ப்புகளை மாற்றியது. அந்தக் குறிப்பிட்ட நிலக்கரியை நம்பியே விலை கூறப்பட்டது; அது வரவில்லை; ஒப்பந்தமே வைத்த கதவு வழியாகக் கம்பெனி வெளியேறியது முறையே என்பது தீர்ப்பின் சாரம். ஒப்பந்தம் எழுதியது முதல் இந்தத் தீர்ப்பு வரையில் 12 ஆண்டு! அதன் பின்னும் கதை முடியவில்லை. கொள்முதல் நிறுவனம் தீர்ப்பைத் திருத்தக் கோரி மீண்டும் நீதிமன்றம் ஏறியது. 2022 தொடக்கத்தில்தான் இருவரும் சமரசம் செய்துகொண்டனர்.

இதே முந்திரா அனல்நிலையத்தைப் பற்றிய இன்னொரு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் பாடம் முழுமை பெறும். இந்தோனேசிய அரசு தன் நிலக்கரி விலைச் சட்டத்தை மாற்றியதால் இறக்குமதி நிலக்கரி விலை ஏறிவிட்டது. எதிர்பாராத இடையூறு ஆகையால் எங்களுக்கு விடுதலை வேண்டும் என்று மின் கம்பெனிகள் கேட்டன. 2017 ஏப்ரல் 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. விலை ஏறியது என்பதால் ஒப்பந்தம் இயலாததாகிவிடவில்லை. நட்டம் வேறு, இயலாமை வேறு. 56-ஆம் பிரிவு நட்டப்பட்டவரைக் காக்க எழுந்தது அன்று. ஆக, ஒரே நிலையம், ஒரே பண்டம். ஆயினும் ஒரு வழக்கில் கதவு திறந்தது, மற்றொன்றில் திறக்கவில்லை. காரணம் நீதிபதிகளின் மனப்போக்கன்று. முதலாவதில் நிலக்கரி எங்கிருந்து வரும் என்பதும், வராவிட்டால் என்ன என்பதும் பேச்சில் இருந்தன. இரண்டாவதில் கம்பெனி தன் பொறுப்பில் விலை கூறியிருந்தது.

கதவே பாராமல் சுவரை இடிக்கப் புகுந்தவர்களும் உண்டு. மகாராஷ்டிரத்தின் தாபோலில் அமெரிக்க என்ரான் கம்பெனி தலைமையில் 2015 மெகாவாட் மின்நிலையம் கட்ட, மாநில மின்சார வாரியம் 1993 டிசம்பரில் ஒப்பந்தம் செய்தது. விலை அதிகம், போட்டி டெண்டர் இல்லை என்று எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து. 1995 தேர்தலில் ஆட்சி மாறியது. புதிய அரசு குழு அமைத்து ஆராய்ந்து, அவ்வாண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் திட்டம் ரத்து என்று சட்டசபையில் அறிவித்தது. அப்பொழுது கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு யூனிட்டும் உற்பத்தியாகவில்லை. மேடையில் கைதட்டல் பலமாக இருந்திருக்கும். ஆனால் ஒப்பந்தத்தில், பூசல் வந்தால் லண்டனில் நடுவர் முன் தீர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கம்பெனி அங்கே சென்றது. வாரியம் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. சில மாதங்களில் பேச்சுவார்த்தை தொடங்கி, 1996 ஜனவரியில் அரசே புது நிபந்தனைகளோடு திட்டத்தை மீண்டும் ஏற்றுக்கொண்டது. விலை ஓரளவு குறைந்தது. திட்டமோ முன்னிலும் பெரிதாயிற்று! 1999 மேயில் முதற்கட்ட மின்சாரம் வந்தது. அதன் விலை தாங்காமல் 2001-இல் வாரியம் ஒப்பந்தத்தை மறுபடியும் முறித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்காவில் என்ரான் கம்பெனியே திவால் ஆயிற்று. 1995-இல் விலகும் உரிமைக்கு விலை இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தால், அந்த அரசு கணக்குப் பார்த்து முடிவெடுத்திருக்கும். எழுதப்படாததால் வீரம் பேசியது. பிறகு இறங்கி வந்தது.

நமக்கு அண்டையிலும் இதுபோல் நடந்தது. 2019 ஜூலையில் ஆந்திர அரசு, காற்றாலை, சூரிய மின்சார ஒப்பந்தங்களின் விலையைக் குறைக்கக் குழு அமைத்தது. மின் கம்பெனிகள், காற்றாலைக்கு 2 ரூபாய் 43 காசும், சூரிய ஒளிக்கு 2 ரூபாய் 44 காசும்தான் தருவோம், இசையாவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்று எழுதின. இவை நடந்துகொண்டிருந்த ஒப்பந்தங்கள். எனவே நம் தலைப்புக்குள் முழுதும் அடங்கா. 2022 மார்ச் 15-ஆம் நாள் ஆந்திர உயர்நீதிமன்றம், ஒப்பந்த விலையையே தரவேண்டும், பாக்கியை ஆறு வாரத்தில் தீர்க்க வேண்டும் என்று கூறிவிட்டது.

பெரிய அரசுகளையும் பெரிய கம்பெனிகளையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். இங்கிலாந்தில் ஒரு தேநீர்க் கடைக்காரரும் தம் கடைக்கு மின்சாரம் தரும் கம்பெனியைத் தாமே தேர்ந்துகொள்கிறார். இப்போதுள்ள ஒப்பந்தம் முடியப் பல மாதம் இருக்கும்போதே, தொலைபேசியில் வாய்ச்சொல்லாகவே அடுத்த ஒப்பந்தம் பேசி முடித்துவிடுவதும் அங்கே உண்டு. வீட்டுக்கு மின்சாரம் வாங்குபவர் 14 நாளுக்குள் மனம் மாறலாம் என்று அங்குள்ள சட்டம் இடம் தருகிறது. கடைக்கு வாங்குபவருக்கு அந்தச் சலுகை இல்லை. வாணிகம் செய்பவர் கண் திறந்தே கையெழுத்து இடுவார் என்பது சட்டத்தின் எண்ணம். மறுநாளே மலிவான விலை வேறிடத்தில் கிடைத்தாலும், தொடக்க நாளுக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தாலும், முதற் கம்பெனி மனம் வைத்தாலன்றி அவர் விலக முடியாது.

நம் ஐதராபாத்தில் நிலை வேறு. அபிட்ஸில் ஒரு கடை திறப்பவருக்கு மிண்ட் காம்பவுண்டில் தலைமையகம் கொண்ட தென் மண்டல மின் வழங்கும் கம்பெனியைத் தவிர வேறு வாசல் கிடையாது. ஆனால் சிறிது பெரிய நுகர்வோருக்கு வாசல் திறந்துவிட்டது. 2022 ஜூன் 6-ஆம் நாள் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, 100 கிலோவாட் அளவுக்கு மின்சாரம் கோருபவர்கூடச் சூரியன், காற்று போன்ற பசுமை மின்சாரத்தைத் தாம் விரும்பும் உற்பத்தியாளரிடம் வாங்கலாம். ஒரு நடுத்தர மருத்துவமனையும், குளிர்பதனக் கிடங்கும், ஜீடிமெட்லாவிலுள்ள ஒரு பட்டறையும் இதில் அடங்கும். இன்று பொறியியலோ வணிகவியலோ பயிலும் நம் நண்பர் ஒருவர் சில ஆண்டுகளில் இத்தகைய காகிதத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சூரிய மின்நிலையம் இனிமேல்தான் கட்டப்படும். மின்சாரம் ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து வரும். ஒப்பந்தமோ 15 ஆண்டு, 25 ஆண்டு. இடைக்காலம் நீண்டது, இடையில் விலை மாறும், தொழில் நொடிக்கும், அரசு கட்டணத்தை மாற்றும்.

அவர் விலையைப் படிக்குமுன் முன்நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். நிலம் கிடைத்தல், பாதை அனுமதி, வங்கிக் கடன் ஆகியவை எந்த நாளுக்குள் முடியவேண்டும், முடியாவிட்டால் விலகும் உரிமை யாருக்கு என்று பார்க்க வேண்டும். உற்பத்தியாளருக்கு மட்டும் கதவு இருந்து, வாங்குபவருக்கு இல்லாத ஒப்பந்தங்களே மிகுதி. தமக்கும் ஒன்று கேட்பதில் தவறில்லை. கையெழுத்துக்கு முன் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும், பின் கேட்டால் கிடையாது. விலகுவதற்கு ஒரு தொகை குறித்திருந்தால் அதனைக் கண்டு அஞ்ச வேண்டா. 74-ஆம் பிரிவின்படி அந்தத் தொகை மேல் வரம்பு. நியாயமான ஈடு எவ்வளவோ அதுவே கிடைக்கும். எழுதாமல் விட்டால்தான் எல்லை தெரியாது.

விலக முடிவு செய்தபின் விரைவு வேண்டும். நோட்டீஸை ஒப்பந்தம் சொல்லும் முகவரிக்கு, சொல்லும் முறையில், சொல்லும் நாளுக்கு முன் அனுப்ப வேண்டும். வாட்ஸப்பில் "வேண்டாங்க" என்று சொல்வது நோட்டீஸ் ஆகுமா என்று வழக்காடி அறிந்துகொள்ள எவருக்கும் ஆசை இராது. அனுப்பிய பின் அடுத்த வாரம் கட்டட வேலையைப் பார்வையிடச் செல்வது, புது அட்டவணைக்கு ஒப்புதல் தருவது போன்றவற்றைச் செய்யலாகாது. 39-ஆம் பிரிவு கூறும் 'செயலால் காட்டுதல்' இதுவே. எதிர்த்தரப்பினர் முறித்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும்: ஒடெசாவில் காத்துக் கிடந்த கப்பலை நினைத்துக்கொண்டு, ஏற்பதா காத்திருப்பதா என்பதை எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

இன்னும் ஒன்று, நடைமுறையில் இதுவே முதலில் கடிக்கும். இத்தகைய ஒப்பந்தங்களுக்குப் பெரும்பாலும் வங்கி உத்தரவாதம் கொடுத்திருப்பார்கள். நாம் விலகினோம் என்று தெரிந்த அன்றே மறுதரப்பினர் வங்கிக்குச் சென்று அதனைப் பணமாக்கிக்கொள்ளலாம். ஒப்பந்தப் பூசலில் யார் சரி என்பதை வங்கி கேட்காது. மோசடி தெளிவாகத் தெரிந்தாலோ, மீட்க இயலாத அநியாயம் நேருமென்றாலோ அன்றி நீதிமன்றங்களும் அதனைத் தடுப்பதில்லை. எனவே விலகும் கடிதத்தை எழுதுமுன், உத்தரவாதத்தின் தொகை எவ்வளவு, அது காலாவதி ஆகும் நாள் எது என்று கணக்கரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே வழக்கறிஞரிடம் செல்க.